நினைவு உண்டோ? மூளைக் காயமுற்றோரின் உணர்வை ஆய்ந்தறிந்த வரலாறு

துரோவா பட்டணத்து மேல்வீட்டில், நள்ளிரவுவரை நீண்ட பவுலின் பிரசங்கத்தினிடையே உறங்கி மூன்றாம் தளத்திலிருந்து விழுந்த ஐத்திகு என்னும் இளைஞனை, நீண்ட பிரசங்கம் செய்யும் ஆயர்களுக்கு எச்சரிக்கையாகக் காட்டுவதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்நிகழ்ச்சியில் (அப். 20:7-12) கருதத்தக்க வேறொன்றும் உண்டு. கீழே ஓடிச்சென்று தூக்கியெடுத்தோர் அவனைப் பிணமாகவே கண்டனர். லூக்கா அங்கே 'நெக்ரொஸ்' என்றே எழுதுகிறார். மாற்கு 9:26இல் வலிப்புற்ற சிறுவனைக் குறித்துக் காணப்படும் 'போல' என்னும் சொல் இங்கே இல்லை. பவுலோ இறங்கி வந்து, அவனை அணைத்துக்கொண்டு, உயிர் அவனைவிட்டு நீங்கவில்லை என்று அறிவிக்கிறார். ஒரே உடலைக் குறித்து, ஒரே இரவில், இரு தீர்ப்புகள்! லீஸ்திராவில் கல்லெறியுண்ட பவுலையே இறந்தாரென எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டதும் (அப். 14:19) இதே நூலில்தான் வருகிறது.

ஐத்திகு பிழைத்தது அற்புதமா, அன்றி முதலில் கண்டோரின் தவறான கணிப்பா என்று விளக்கவுரையாளர் நெடுங்காலமாக வாதிடுகின்றனர். நாம் ஈண்டு அவ்வாதத்தில் புகவில்லை. தலையில் அடிபட்டுக் கிடக்கும் ஒருவனுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் புறத்தே நிற்போர் எவ்வாறு அறிவது என்பதே நமது வினா. இவ்வினாவுக்குக் கடந்த எழுபது ஆண்டுகளில் மருத்துவ உலகம் தந்த விடைகள் பலமுறை மாறியுள்ளன. அம்மாற்றங்களின் வரலாற்றை அருட்பணியாளர் அறிந்திருப்பது ஏன் தேவை என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. சின்னசேலத்தை ஒட்டிச் செல்லும் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையே போதும். இரு சக்கர வண்டியில் சென்று அடிபட்டவர்களைக் கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுசென்று, வாரங்கள் கழித்து, மூக்கில் உணவுக் குழாயுடன் வீட்டுத் திண்ணைக்கே திரும்பக் கொண்டுவந்த குடும்பங்கள் இவ்வட்டாரச் சபைகளில் உண்டு. அவ்வீட்டில் முதலில் நம்மிடம் கேட்கப்படும் கேள்வி, "ஐயா, இவனுக்கு நினைவு இருக்கா?" என்பதே.

'நினைவு' என்னும் நம் தமிழ்ச்சொல் ஞாபகத்தையும் குறிக்கும், தன்னறிவையும் குறிக்கும். 'நினைவு தப்பியது', 'நினைவு திரும்பியது' என்று சொல்லும்போது கண் விழித்தலும் உள்ளுணர்வும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. மருத்துவமும் நெடுங்காலம் அவ்வாறே கருதிற்று. ஆனால் விழிப்பு வேறு, உணர்வு வேறு. விழிப்பைப் பெரிதும் இயக்குவது மூளைத்தண்டு. தன்னையும் பிறரையும் அறியும் உணர்வுக்கு மூளைப் புறணியும் அதனோடு பின்னிய உள்மையப் பகுதிகளும் வேண்டும். முன்னது பிழைத்துப் பின்னது சிதையுமாயின், கண் திறந்து மூடும், உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆயினும் பார்ப்பவர் அங்கே இல்லாதிருக்கலாம். இவ்வேறுபாட்டை உலகம் உணரத் தொடங்கியதற்கு ஒரு கருவியே காரணமாயிற்று.

மூச்சுக் கருவியும் புதிய வினாவும்

மூச்சு நின்றால் சாவு என்பது பழங்காலந்தொட்டு வந்த தெளிவான அளவை. 1952இல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பியோன் இப்சன் என்னும் மருத்துவரின் வழிகாட்டுதலில், நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர் முறைவைத்து அமர்ந்து, நோயாளியின் தொண்டையில் பொருத்திய குழாய்வழி கையால் காற்றுப் பையை அமுக்கி அவர்களை உயிர்ப்பித்தனர். தென்னார்க்காட்டில் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வித்திட்ட மிஷன் புறப்பட்ட அதே டென்மார்க்கில் இது நிகழ்ந்தது. இதிலிருந்தே இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு வளர்ந்தது. மூச்சைக் கருவி பார்த்துக்கொள்ளத் தொடங்கியதும், மூச்சு பழைய சாட்சியாக நிற்க இயலாது போயிற்று.

திகைப்புற்ற மருத்துவர்கள் முதலில் நாடியோருள் சமயத் தலைவர்களும் இருந்தனர் என்பதை நம் மாணவர் மறக்கலாகாது. மயக்க மருந்து வல்லுநர் முன்வைத்த வினாக்களுக்கு 1957 நவம்பரில் பதிலளித்த போப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், சாவின் கணத்தை வரையறுப்பது மருத்துவருக்குரியது என்றும், அசாதாரண முயற்சிகளைத் தொடர்ந்தே தீரவேண்டும் என்னும் கடமை எவருக்கும் இல்லை என்றும் கூறினார். சீர்திருத்தத் திருச்சபையாரும் பின்னர் இக்கருத்தைப் பெரிதும் எடுத்தாண்டனர். 1959இல் மொல்லாரே, கூலோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், கோமாவுக்கும் அப்பாற்பட்ட ஒரு நிலையை விவரித்தனர். 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு அதனை வரையறுத்தது. இறையியல் ஆசிரியர் ஒருவரும் அக்குழுவில் அமர்ந்திருந்தார். இதுவே மூளைச்சாவு. இந்தியச் சட்டம் இதனை 1994இல் ஏற்றது. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவுற்ற தம் மகனின் உறுப்புகளைத் தானமளித்தபின், இச்சொல் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. பரவியதில் ஒரு குழப்பமும் உடன் பரவியது. மூளைச்சாவு சாவே, அதிலிருந்து மீட்சி இல்லை. நாம் இங்கே பேசுவது சாவைப் பற்றியன்று; தானே மூச்சுவிட்டு, கண் திறந்து, உயிரோடு கிடப்பவரைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் ஆயர் ஒரு குடும்பத்துக்குப் பெருந்தீங்கு செய்யக்கூடும்.

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டது ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை என்பதும் குறிப்பிடத்தக்கது. மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் டாக்டர் பி. இராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியை ஏற்றார். தலைக்காயம் பட்டோர் பிழைக்கும் வாய்ப்பு பெருகப் பெருக, முழுதும் மீளாமற் பிழைத்தோரின் தொகையும் பெருகியது.

1972: பெயரும் தீர்ப்பும்

அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிளாஸ்கோ நகரின் பிரயன் ஜென்னட்டும் நியூயார்க்கின் பிரெட் பிளம்மும் 1972இல் 'லான்செட்' இதழில், விழித்திருந்தும் உணர்வின் அடையாளம் எதுவும் காட்டாதோரின் நிலையை 'நீடித்த தாவர நிலை' என்று பெயரிட்டனர். உடலின் அடிப்படை இயக்கங்கள் மட்டும் நடைபெறுவதையே அவர்கள் சுட்டினர். ஆனால் தமிழில் 'தாவரம்' என்றதும் செடிகொடியே மனத்தில் எழும். தன் மகனைச் செடி என்றார்கள் என ஒரு தாய் கொள்ளும் வேதனை மொழிபெயர்ப்பால் விளைந்தது மட்டுமன்று; மேலைநாட்டுக் குடும்பங்களும் அவ்வாறே வருந்தின. ஐரோப்பிய அறிஞர் 2010இல் 'எதிர்வினையற்ற விழிப்பு நிலை' என்னும் மாற்றுப் பெயரை முன்மொழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1974இல் கிரஹாம் டீஸ்டேலும் ஜென்னட்டும் உலகெங்கும் வழங்கும் கிளாஸ்கோ அளவையை வெளியிட்டனர். இன்றைய வடிவில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என உச்ச மதிப்பு 15. எதுவும் இல்லாதவிடத்தும் 3. மருத்துவமனைச் சீட்டில் நாம் காணும் எண் இதுவே. எளிமையே இதன் சிறப்பு. விபத்து நேர்ந்த முதல் நாட்களில் நோயாளி தேறுகிறாரா, நலிகிறாரா என்பதைச் செவிலியரும் மருத்துவரும் ஒரே மொழியில் குறிக்க இது உதவுகிறது. ஆனால் தொண்டையில் குழாயிட்டவர் பேச இயலார். இமை வீங்கியவர் கண் திறவார். மாதக்கணக்கில் கிடப்பவரின் உள்ளுணர்வைத் துருவி அறிவதற்கு இவ்வளவை ஆக்கப்படவும் இல்லை.

அதே 1972இல் இறையியலார் ஒருவர் வேறொரு தீர்ப்பை எழுதினார். 'சூழ்நிலை ஒழுக்கவியல்' நூலால் நம் கல்லூரிகளில் நன்கறியப்பட்ட ஜோசப் பிளெச்சர், மனிதத் தன்மைக்குரிய அடையாளங்கள் எவை என ஒரு கட்டுரையில் வரிசைப்படுத்தினார். மூளைப் புறணியின் செயற்பாடே அவற்றுள் தலையாயது என்றார்; அறிவுத்திறன் எண் 20க்குக் கீழ்ப்பட்டவர் 'ஆள்' அல்லர் என்றும் துணிந்து எழுதினார். இரண்டாண்டுகளுக்கு முன் வெளியான பால் ராம்சேயின் 'ஆளாகிய நோயாளி' என்னும் நூலோ, மருத்துவ முயற்சியைக் கைவிடலாம், மனிதரைக் கைவிடலாகாது என்னும் திசையில் சென்றது. மெதடிஸ்டு சபையாரான ராம்சே பழமைவாதி என ஒதுக்கப்பட்ட காலம் அது. பிளெச்சரின் துணிவு அக்கால மாணவரைக் கவர்ந்தது; நம்மையும் ஒரு காலத்தில் கவர்ந்தது என ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

பிளெச்சரின் வாதத்துக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. 1975இல் நினைவிழந்த அமெரிக்கப் பெண் கேரன் ஆன் குவின்லனின் மூச்சுக் கருவியை நீக்க 1976இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் இசைந்தது. கருவி நீக்கப்பட்டும் அவர் தாமே மூச்சுவிட்டு 1985வரை வாழ்ந்தார். இறந்தபின் அவரது மூளையை ஆய்ந்தோர் 1994இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. பெருஞ்சேதம் எதிர்பார்த்த புறணியில் இல்லை. தலாமஸ் என்னும் உள்மையத்தில் இருந்தது. மனிதத் தன்மையின் இருப்பிடம் இதுவென ஒரே பகுதியைச் சுட்டிக்காட்டியது அவசரம் என்பது தெளிவாயிற்று.

மும்பையில் ஒரு செவிலி

இந்தியாவில் இவ்வினா அருணா ஷான்பாக் என்னும் பெண்ணின் வடிவில் எழுந்தது. கருநாடகத்து ஹல்திப்பூரிலிருந்து வந்து மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றிய அவர், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே ஒரு பணியாளனால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்து இறுக்கப்பட்டு, மூளைக்கு உயிர்க்காற்று தடைப்பட்டது. அன்றுதொட்டு 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் இறக்கும்வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையில் தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் அவரைப் பேணினர். அத்தனை ஆண்டுகளிலும் படுக்கைப் புண் வரவில்லை என்பதை எல்லாரும் எடுத்துரைத்தனர். நீண்டகால நோயாளியைப் பேணிய எவருக்கும் அதன் பொருள் விளங்கும்.

எழுத்தாளர் பிங்கி விரானி 2009இல் உச்ச நீதிமன்றத்தை அணுகி, அருணாவுக்கு உணவூட்டுதல் நிறுத்தப்பட வேண்டும் என்று வேண்டினார். நீதிமன்றம் மூன்று மருத்துவர் கொண்ட குழுவை அமர்த்தியது. குழுவினர் 2011 ஜனவரியில் அவரை ஆராய்ந்து, மூளைச்சாவு இல்லை, கோமாவும் இல்லை, நிலையான தாவர நிலைக்குரிய அளவைகளில் பெரும்பாலானவை பொருந்துகின்றன என அறிவித்தனர். மருத்துவமனையின் சாட்சியமோ வேறு ஒலியில் இருந்தது. உணவை ஏற்கிறார், முகக்குறிப்பால் விடையளிக்கிறார், சிற்சில வேளை சொன்னதற்கு ஒலி எழுப்புகிறார், இயற்கைக் கடனுக்கு முன் அவர் எழுப்பும் ஒலியைச் செவிலியர் இனங்கண்டு உதவுகின்றனர் என்று மருத்துவமனை எழுதித் தந்தது. 2011 மார்ச் 7 அன்று வெளியான தீர்ப்பில் இவ்விரு சாட்சியங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அருணாவின் சார்பில் பேசும் உரிமை விரானிக்கன்று, பேணிய மருத்துவமனைப் பணியாளருக்கே என நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் முடிவு செய்தனர், வேண்டுகோள் தள்ளுபடியாயிற்று. கடுமையான முறைகளுக்குட்பட்டுச் சிகிச்சையை நிறுத்தலாம் என்னும் வழியையும் அதே தீர்ப்பு திறந்தது.

யார் கூறியது சரி? மருத்துவர் நேர்மையாகவே ஆராய்ந்தனர்; செவிலியரும் பொய் சொல்லவில்லை. ஒன்றைமட்டும் இங்கே சேர்த்துரைப்போம். அத்தாக்குதல் அருணாவின் பார்வைக்குரிய மூளைப் பகுதியையும் பழுதாக்கியிருந்தது. கண்ணால் பின்தொடர்கிறாரா என்பதையே முதல் அடையாளமாகக் கொள்ளும் ஆய்வு, பார்வையற்றவரிடம் எதைக் காணும்?

பிழைத்த கணிப்புகள்

இவ்வையம் வெறும் கற்பனையன்று. இலண்டனின் பட்னி பகுதியிலுள்ள மருத்துவமனையில் கீத் ஆண்ட்ரூசும் துணைவரும் 1996இல் வெளியிட்ட ஆய்வு நம் ஒவ்வொருவரையும் உலுக்க வேண்டியது. தாவர நிலையினர் என அனுப்பப்பட்ட 40 பேரில் 17 பேர் உண்மையில் உணர்வுள்ளோர். எழுவர் ஓராண்டுக்கு மேலாக, அவருள் மூவர் நான்காண்டுக்கு மேலாக அவ்வாறு தவறாகக் கருதப்பட்டிருந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பார்வையிழந்தோர் அல்லது பார்வை மிகக் குன்றியோர். பொத்தானை அமுக்கக் கற்பித்ததும், கேட்டதற்கு விடை தரலாயினர்.

2002இல், விட்டுவிட்டுத் தோன்றும் சிற்றுணர்வை உடையோர்க்குக் 'குறை உணர்வு நிலை' எனத் தனிப்பெயர் வழங்கப்பட்டது. 2004இல் ஜியாசினோ குழுவினர் கேள்வி, பார்வை, அசைவு, வாய், தொடர்பு, விழிப்பு ஆகிய ஆறையும் படிப்படியாகச் சோதிக்கும் திருத்திய அளவையைத் தந்தனர். இதனைக்கொண்டு 2009இல் ஆராய்ந்தபோது, மருத்துவக் குழு ஒருமனதாய்த் தாவர நிலை எனக் கணித்த 44 பேரில் 18 பேரிடம் உணர்வு காணப்பட்டது. பின்தொடரும் பார்வையைச் சோதிக்க விரலோ விளக்கோ காட்டுவதைவிட முகம் பார்க்கும் கண்ணாடியே சிறந்தது என்பதும் இக்காலத்தில்தான் தெளிந்தது. தன் முகத்தைக் கண்டால் விழிகள் அசைகின்றன! ஒருமுறை பார்த்து முடிவுசெய்தல் ஆகாது, இரு வாரங்களுக்குள் ஐந்து முறையேனும் ஆராய வேண்டும் என 2017இல் ஓர் ஆய்வு காட்டிற்று.

அசைவே இல்லாதோரிடமும் வினாவ இயலும் என்பதை 2006இல் கேம்பிரிட்ஜ் நகரின் ஏட்ரியன் ஓவன் காட்டினார். சாலை விபத்தில் காயமுற்று ஐந்து மாதங்களாக எதிர்வினையின்றிக் கிடந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகவும் தன் வீட்டு அறைகளில் நடப்பதாகவும் எண்ணும்படி கூறி, காந்த அலைப் படத்தில் மூளையின் இயக்கத்தைக் கண்டனர். நலமுள்ளோரின் மூளை எவ்வாறு இயங்குமோ அவ்வாறே அவருடையதும் இயங்கிற்று. 2010இல் 54 பேரிடம் இம்முறையைக் கையாண்டபோது ஐவர் மூளையால் கீழ்ப்படிந்தனர். அவருள் ஒருவர் 'ஆம்', 'இல்லை' என ஐந்து கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தார். 2024இல் பல நாட்டு மையங்கள் இணைந்து வெளியிட்ட ஆய்வில், சொல்லுக்குப் புறத்தே எவ்வசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரிடம், அதாவது நால்வரில் ஒருவரிடம், இத்தகைய மறைந்த கீழ்ப்படிதல் காணப்பட்டது. எஞ்சிய மூவரிடமும் காணப்படவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லுவதே நேர்மை.

கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பையும் மூளையின் உட்பகுதிகளையும் ஒருங்கே தாக்கும் நஞ்சு. ஒளிக்குச் சுருங்காத கண்மணி மூளைத்தண்டு செயலற்றதற்கு அடையாளமாகப் பாடநூல்களில் கொள்ளப்படும். மெத்தனால் உண்டவரிடமோ கண் நரம்பின் சேதத்தாலேயே அது நேரலாம். அந்நஞ்சால் நினைவிழந்து கிடப்பவரை விழியைக்கொண்டே கணிப்போர் பட்னியில் கண்ட பிழையை இங்கும் செய்யக்கூடும்.

படுக்கையருகில்

நமது பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நமது சபை இளைஞர் ஒருவர் இந்நெடுஞ்சாலையில் அடிபட்டு, ஒரு மருத்துவமனையில் தாவர நிலை எனக் குறிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். "ஐயா, தங்கச்சி பேசுனா மட்டும் கட்டை விரலை அசைக்கிறான்" என்று தாயார் நம்மிடம் கூறினார். கட்டுரை ஒன்றிரண்டு வாசித்திருந்த அறிவால், "அது தானாக நிகழும் அசைவம்மா" என்று ஆறுதல் போலச் சொன்னோம். அத்தாயார் அதன்பின் விரலைப் பற்றி நம்மிடம் பேசவேயில்லை. பதினோராம் மாதம் இளைஞர் இறந்தார். தானாக நிகழும் அசைவாகவே அது இருந்திருக்கலாம். உள்ளங்கையைத் தொட்டால் விரல் மடங்குவதும், கண்ணீர் வடிவதும், புன்னகை தோன்றுவதும் உணர்வின்றியும் நிகழும். ஆனால் தங்கை பேசும்போது எத்தனை முறை அசைந்தது, பிறர் பேசும்போது எத்தனை முறை அசைந்தது என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. மருத்துவர் கேட்கவில்லை, நாமோ கேட்பதற்கு முன்பே விடை சொல்லிவிட்டோம்.

திருத்திய அளவை செய்வதும் அடிப்படையில் இதுவே. ஒரே கட்டளையை நான்கு முறை சொல்லி, இடையே காத்திருந்து, மூன்று முறையேனும் அதற்கேற்ற அசைவு வருகிறதா எனக் குறிப்பர். இதற்குக் கல்வராயன் மலைக் குடிசையிலும் பொருட்செலவு எதுவும் இல்லை. மருத்துவருக்கு மாற்றாக நாம் இதைச் செய்யச் சொல்லவில்லை. மருத்துவர் கேட்கத்தக்க சாட்சியத்தைக் குடும்பம் சேர்த்து வைக்கலாம் என்கிறோம். அழைக்கும் மொழியும் கருதத்தக்கது. மலையிலிருந்து வந்த ஒருவரை அவர் என்றும் கேட்டிராத நகரத்துத் தமிழில், முன்பின் அறியாத குரல், "கண்களைத் திறவுங்கள்" என்று சொல்வதும், அவருடைய அக்காள் வீட்டுப் பெயரிட்டு அழைப்பதும் ஒன்றாகா. காதில் சீழோ அடைப்போ உண்டா, மயக்கம் தரும் மருந்து அளிக்கப்பட்டுள்ளதா, விபத்துக்கு முன்பே பார்வை குறைந்திருந்ததா என்பவற்றை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். இவை வீட்டாருக்கே தெரிந்தவை.

வேறொரு வினாவும் நம்மிடம் வரும். 2018 மார்ச் 9இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்து, 2023 ஜனவரி 24இல் எளிதாக்கப்பட்ட நெறிமுறைப்படி, மீளாநிலையில் உள்ளவரின் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது குறித்து மருத்துவமனையின் முதல் குழுவும், பின் இரண்டாம் குழுவும் ஆராய்ந்து இசைய வேண்டும். குடும்பத்தின் ஒப்புதலும் வேண்டும். "ஐயா, கையெழுத்துப் போடலாமா?" என்று அப்போது கேட்பர். போடலாகாது என்று கூற நமக்கு அதிகாரம் இல்லை; பயஸ் கூறியதும் ராம்சே எழுதியதும் அதற்கு இடமளிக்கின்றன. ஆயினும் கையெழுத்துக்கு முன், எத்தனை முறை ஆராய்ந்தார்கள், யார் குரலில் அழைத்தார்கள், பார்வை உண்டா எனச் சோதித்தார்கள் எனக் கேட்குமாறு சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

தற்போது நாம் சென்று பார்க்கும் ஒரு வீட்டில், பள்ளி செல்லும் பேத்தி நாற்பது பக்க நோட்டு ஒன்றில் நாளும் எழுதிவருகிறாள். கோடு போட்டு நான்கு பத்தி: மணி, கூப்பிட்டவர், சொன்னது, தாத்தா செய்தது. கடைசிப் பத்தியில் பெரும்பாலும் 'ஒன்றுமில்லை' என்றே இருக்கிறது. சென்ற வாரம் நாம் ஜெபித்த வேளையையும் எழுதி, நமது பெயருக்கு எதிரேயும் 'ஒன்றுமில்லை' என்று குறித்திருந்தாள். வரும் மாதம் மருத்துவரிடம் செல்லும்போது அந்நோட்டையும் எடுத்துச் செல்கிறார்கள்.